எந்தச் சொல்லை, எத்தனை முறை?

(ஜமுனாமரத்தூரில் மலைப்பள்ளி ஆசிரியர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் கற்பிக்கப் பத்து வழி, பதினைந்து விளையாட்டு என்று ஒரு பட்டியலை எதிர்பார்த்து உங்களில் சிலர் வந்திருக்கலாம். அத்தகைய கையேடுகள் உங்கள் பள்ளி பீரோவில் ஏற்கெனவே அடுக்கடுக்காக இருக்கும். அவற்றோடு இன்னொன்றைச் சேர்க்க நான் வரவில்லை. என்னை உறுத்துகிற கேள்வி அதற்கு ஒரு படி முந்தியது. ஒரு பாடத்தில் நாற்பது புதுச் சொல் இருக்கிறது என்று வையுங்கள். நாற்பதையும் கற்பிக்க நேரம் கிடையாது. எதை எடுப்பது, எதை விடுவது? எடுத்த சொல்லை எத்தனை முறை பிள்ளையின் முன் கொண்டுவருவது?

ஆங்கிலப் பாடம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இந்தக் கேள்வி நம்மிடம் இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் எட்டாவதாக உரியியல் என்றொரு இயல் வருகிறது. நாம் அதை இலக்கணப் பாடமாகவே படித்தோம். நனி, தவ, உறு என்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கினோம். ஆசிரியர் கண்ணோடு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சொல் கற்பிப்பவருக்கான கையேடு அது. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். எல்லோருக்கும் விளங்கிய சொல்லை விளக்க வேண்டியதில்லை, விளங்காத சொல்லுக்குத்தான் விளக்கம் என்கிறார். இயலின் பிற்பகுதியில் இன்னும் கூர்மையாகப் பேசுகிறார். ஒரு பொருளுக்குப் பொருள், அந்தப் பொருளுக்கு இன்னொரு பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையே இல்லை; உணர்த்தத் தெரிந்தவன் உணர்த்தினால் பொருள் பிறழாது; ஆனால் உணர்ச்சியின் வாசல் கேட்பவனின் வலிமையைப் பொறுத்தது. சொல் கற்பித்தல் பற்றி இன்று எழுதப்படும் தடித்த புத்தகங்களில் பாதி இந்த நான்கைந்து நூற்பாக்களுக்குள் அடங்கிவிடும் என்று சொன்னால் அது மிகையாகாது.

சிக்கல் எங்கே வருகிறது? பழகிய சொல் என்றால் யாருக்குப் பழகியது? பாடநூல் எழுதுபவர் சென்னையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையை மனத்தில் வைத்து எழுதுகிறார். அந்தப் பிள்ளைக்குப் போக்குவரத்து விளக்கு தெரியும், லிஃப்ட் தெரியும், பூங்கா தெரியும். புதூர்நாடு, பீஞ்சமந்தை போன்ற மலையூர்களில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்தவை வேறு. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களில் மிகப்பெரிய குழு மலையாளிகள். பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளத்துக்காரர்களா என்று கேட்கும் அதிகாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்கிற பொருளில் வந்த பெயர் அது; பேச்சு தமிழ்தான். தமிழ் பேசுவதாலேயே இந்தப் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கல் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒடிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தாலி, சௌரா, குயி, போண்டா எனப் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை 2007இல் அங்கே தொடங்கினார்கள். அது எவ்வளவு நன்றாக நடந்தது என்பது வேறு விவாதம். அந்தப் பிள்ளை பள்ளியில் கேட்கும் ஒடியா அதற்கு இரண்டாம் மொழி என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது என்பதுதான் எனக்கு முக்கியம். நம்முடைய இந்த ஜவ்வாது மலையில் அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடநூலின் தமிழ் இன்னொன்று, அதற்கு மேல் ஆங்கிலம். அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆக ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று சொற்களஞ்சியங்களோடு மல்லுக்கட்டுகிறது. அதில் இரண்டை மட்டும் நாம் கணக்கில் எடுக்கிறோம். அதனிடம் ஏற்கெனவே இருக்கிற முதலாவதுக்குப் பள்ளியில் மதிப்பெண் கிடையாது.

மலைப்பிள்ளைக்குச் சொல்வளம் குறைவு என்று ஆசிரியர் அறைகளில் பேச்சு அடிபடும். அப்படிச் சொல்பவர்களை நான் சாமை புடைக்கும் திண்ணைக்கு அழைத்துப்போக விரும்புவேன். சாமையின் உமி லேசில் விடாது. குத்தியதையே மறுபடி குத்த வேண்டியிருக்கும். இன்று அரவை இயந்திரங்கள் வந்துவிட்டன, இருந்தாலும் முறம் வீட்டைவிட்டுப் போகவில்லை. காற்றில் தூற்றுவது ஒன்று. முறத்தில் தட்டிப் புடைப்பது வேறு. பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் நொய்யையும் ஒதுக்கிக் கொழிப்பது வேறு. சல்லடையில் சலிப்பது வேறு. உமி, தவிடு, நொய், பதர் என்று கழிவுக்கே நான்கு பெயர். இந்த வேறுபாடுகள் எட்டு வயதுப் பெண்ணின் கைக்குத் தெரியும். நகரத்தில் வளர்ந்த எம்.ஏ. பட்டதாரி ஒருவரைப் புடைப்பதற்கும் கொழிப்பதற்கும் வேறுபாடு கேட்டால் முழிப்பார். ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவைகளைப் பிரித்தல் என்று ஒரு பகுதி வரும்போது, இதே பெண் தூற்றுதல், சலித்தல் என்ற சொற்களை ஏதோ புதிய இரசாயனம் போல மனப்பாடம் செய்கிறாள். அவள் வீட்டுத் திண்ணையில் செய்வதும் இதுவும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாடத்தை எப்படி எடுப்பது? முறத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவளே புடைத்துக் காட்டட்டும். உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். கேட்ட சொல்லை அது வந்த வடிவத்திலேயே கரும்பலகையில் முதலில் எழுதுங்கள், திருத்த வேண்டாம். அதன் பக்கத்தில் பாடநூலின் தமிழ்ச்சொல். அதற்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல். கிரெய்ன், ஹஸ்க், ஸிவ், வின்னோ, செபரேட் என ஐந்து சொல் பலகையில் வந்துவிடும்.

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். முறம் கையில் இருக்கிற உற்சாகத்தில் வின்னோ என்ற சொல்லுக்கு அரைமணி நேரம் செலவழிப்பார்கள். எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், படம் வரையச் சொல்வார்கள், ஐந்து முறை எழுதி வரச் சொல்வார்கள். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளை அடுத்து எப்போது சந்திக்கும்? பத்தாம் வகுப்பு முடியும்வரை சந்திக்காமலே போகலாம். ஒரு முறை சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். உழைப்பை எல்லாம் செபரேட் என்ற சொல்லின் மேல் போடுங்கள். அது கணக்கில் வரும், அறிவியலில் வரும், சமூக அறிவியலில் மாநிலங்களைப் பிரிக்கும்போது வரும், ஆங்கிலக் கதையில் தாயையும் மகளையும் பிரிக்கும்போதும் வரும். உமியைத் தானியத்திலிருந்து பிரித்த கையோடு, சிவப்புக் கூழாங்கல்லை வெள்ளையிலிருந்து பிரி, இரட்டை எண்ணை ஒற்றை எண்ணிலிருந்து பிரி என்று அன்றைக்கே நான்கு இடத்தில் அந்தச் சொல் வேலை செய்யட்டும்.

அமெரிக்காவில் இசபெல் பெக்கும் அவருடைய தோழர்களும் 2002இல் வெளியிட்ட ஒரு நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். வீட்டிலேயே வந்துவிடும் அன்றாடச் சொல் முதல் அடுக்கு. ஒரு துறைக்குள் மட்டும் புழங்கும் கலைச்சொல் மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில், எல்லாப் பாடங்களிலும் தலைகாட்டுகிற, ஆனால் தெருப்பேச்சில் அதிகம் வராத சொற்கள் இரண்டாம் அடுக்கு. ஆசிரியரின் நேரம் அந்த நடு அடுக்குக்கே போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைக்குத்தான் முதல் அடுக்கு வீட்டில் வரும். நம் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் முதல் அடுக்கும் பள்ளியில்தான் வர வேண்டும். ஆனால் பொருள் அதன் கையில் ஏற்கெனவே இருப்பதால் அங்கே வேலை குறைவு. தண்ணீருக்கும் மாட்டுக்கும் ஆங்கிலப் பெயர் சொல்ல நீண்ட விளக்கம் எதற்கு? காட்டினால் போதும்.

காட்ட முடியாத சொற்கள்தான் நம்மைச் சோதிப்பவை. தேர்வுத்தாளை எடுத்துப் பாருங்கள். வேறுபடுத்துக, ஒப்பிடுக, காரணம் கூறுக, நிறுவுக, சுருக்கி வரைக. ஆங்கிலத்தாளில் கம்பேர், எக்ஸ்ப்ளெயின், ஜஸ்டிஃபை. விடை தெரிந்த பிள்ளைகூடக் கேள்வியின் வினைச்சொல் புரியாமல் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டு வருகிறது. காரணம் கேட்டால் வருணனை எழுதுகிறது. வேறுபாடு கேட்டால் இரண்டு பத்தி தனித்தனியாக எழுதுகிறது. விடைத்தாள் திருத்திய ஒவ்வொருவருக்கும் இது தெரியும். சிங்கத்தையும் யானையையும் அட்டையில் வரைந்து சுவரெங்கும் ஒட்டுகிறோம். ஒப்பிடுக என்பதற்குப் படமில்லை என்பதால் அதை ஒட்டுவதில்லை. எனினும், ஆகவே, ஒருவேளை, இல்லாவிட்டால் போன்ற இணைப்புச் சொற்களின் கதியும் இதுதான். பெயர்ச்சொல்லைக் கற்பிப்பது எளிது, அதனால் நாம் பெயர்ச்சொல்லையே கற்பித்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சொல்லுக்கு எத்தனை சந்திப்பு என்பதற்கு வருவோம். சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு வயது மழலைப் பள்ளிப் பிள்ளைகள். ஆசிரியை இயல்பாக ஒரு பிள்ளையிடம், அந்தக் குரோமியம் தட்டை எடுத்து வா, இன்னொரு நிறத் தட்டு வேண்டாம் என்று சொல்வார். தட்டின் நிறம் ஆலிவ் பச்சை. குரோமியம் என்பது ஒரு நிறம் என்று அதற்கு முன் அந்தப் பிள்ளை கேட்டதே இல்லை. பொருள் சொல்லவில்லை, அகராதி இல்லை. ஆனாலும் பிள்ளை சரியான தட்டை எடுத்து வந்தது. நாள்கள் கழித்துச் சோதித்தபோது பலருக்கு அந்தச் சொல்லைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்திருந்தது: அது ஒரு நிறம் என்று, அது பச்சையோ பழுப்போ அல்லாத வேறொன்று என்று. ஒரே சந்திப்பில் சொல் உள்ளே நுழைகிறது. நுழைந்த சொல் முழுசாக நிலைகொள்ள இன்னும் நெடுநாள் ஆகிறது. இந்த இரண்டாம் பாதியைச் சோதனையைப் பற்றிப் பேசும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சொல்லைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைப்பதை ஒரு முறையாகவே கட்டியவர் நம் துணைக்கண்டத்தில் இருந்தார். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் பணியாற்றிய ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகள் கையில் இருந்த ஆங்கில வாசிப்பு நூல்களைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொல்; ஒரு முறை வந்தது மறுபடி வருவதே இல்லை. வங்காளத்தின் இருமொழியம் பற்றி 1926இல் எழுதினார். பிறகு தாமே வாசிப்பு நூல்கள் எழுதினார். புதுச் சொற்களைச் சிக்கனமாக நுழைத்து, நுழைத்ததை அடுத்தடுத்த பக்கங்களில் மீண்டும் மீண்டும் வரவழைத்தார். ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953இல் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது 1935இல் அவர் எண்டிகாட்டோடு சேர்ந்து கொண்டுவந்த அகராதி. 24,000 உருப்படிகளுக்கு விளக்கம். அத்தனைக்குமான விளக்கங்களை 1490 சொற்களை மட்டும் வைத்தே எழுதினார்கள். பொருளுக்குப் பொருள் கேட்டால் எல்லை இல்லை என்று தொல்காப்பியர் சொன்ன இடத்தில் வெஸ்ட் ஒரு வேலி போட்டுப் பார்த்தார். நம் பாடநூல்களில் சொல்லும் பொருளும் என்ற கட்டத்துக்குள் கடினச் சொல்லுக்கு அதைவிடக் கடினமான பொருள் வரும்போதெல்லாம் அந்த வேலி நினைவுக்கு வர வேண்டும். வெஸ்டின் காலனி அரசுப் பார்வையில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. இந்த ஒழுங்கு மட்டும் கற்றுக்கொள்ளத் தக்கது.

மலையில் இந்த ஒழுங்கு குலைவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் குடும்பங்கள் வேலை தேடி இறங்குகின்றன. கர்நாடகக் காபித் தோட்டம், கேரளம், திருப்பூர். உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிற பிள்ளை தப்பிக்கும். மற்றது பெற்றோருடன் போய்விடும். அந்த வாரங்களில் நீங்கள் பத்து முறை சுழற்றிய சொல் அதற்கு ஒரு முறைகூட வரவில்லை. திரும்பி வந்ததும் பின்தங்கிய பிள்ளை என்று பெயர். இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். வகுப்புச் சுவரில் அந்தந்த மாதத்துச் சொற்களைக் கிழிக்காமல் விட்டுவையுங்கள். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் எங்கும் வந்தபோது, பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை வந்தது. ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து கற்ற பாடம் அது. திட்டங்கள் மாறின, இப்போது எண்ணும் எழுத்தும் நடக்கிறது; அந்தத் தாழ்ந்த பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. விட்டுப்போன பிள்ளை தானே பார்த்துப் படிக்க அது ஒரு நல்ல இடம். வந்த பிள்ளையிடம், போன ஊரில் என்ன சொல் கற்றாய் என்றும் கேளுங்கள். இரண்டு கன்னடச் சொல்லாவது அதனிடம் இருக்கும். புதுமொழிச் சொல்லைப் பாடநூல் இல்லாமல் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அது.

மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979 முதல் 1984 வரை, பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். சொற்பட்டியல், இலக்கண வரிசை எதுவும் இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து ஒரு புதிரை அவிழ்க்கச் சொன்னார். புதிரில் மனம் போனபோது மொழி கூடவே வந்தது. ஜமுனாமரத்தூரில் ரயில் இல்லை. பேருந்து நிறுத்தம் இருக்கிறது. போளூர் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எது, அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது? பிஃபோர், ஆஃப்டர், லாஸ்ட், நெக்ஸ்ட், அன்லெஸ். படமில்லாத சொற்கள் என்று முன்பு சொன்னேனே, அவற்றில் பாதி இந்த ஓர் அட்டவணைக்குள் இருக்கிறது.

மீதியைக் காவலூருக்கு அனுப்பலாம். இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று, 2.34 மீட்டர் விட்டம் கொண்டது, 1986 முதல் இதே மலைத்தொடரில் நிற்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயரால் வழங்குகிறது. அதற்கு முன்பே அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடப்பதைக் கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கியது. பார்த்தது அவ்வளவுதான். ஏதோ புதிய துணைக்கோள் என்று முதலில் கருதினார்கள். வேறு இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது வளையங்களின் வேலை என்று தெளிவாயிற்று. அப்சர்வ், இன்ஃபர் என்று இரண்டு ஆங்கிலச் சொற்களை நாம் தனித்தனிப் பொருள் எழுதிப் போட்டால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒளி மங்கியதைப் பார்த்தார்கள், வளையத்தை ஊகித்தார்கள். இந்தக் கதைக்குப் பிறகு அவை கலங்காது. ஆலங்காயம் சாலையில் பேருந்தில் போகும்போது அந்தத் தொலைநோக்கியின் வெள்ளைக் கூரை தெரிகிற ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

கதைக்குள் சொல்லை வைப்பதில் நமக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்கக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்று அதன் பழைய குறிப்பு சொல்கிறது. அதில் 99 மலர்களின் பெயர் வருகிறது. அவர் அகரவரிசையில் பட்டியல் கொடுக்கவில்லை. தினைப்புனம் காக்கப் போன பெண்கள் அருவியில் ஆடுகிறார்கள்; பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள்; அந்தக் குவியலுக்குள் பெயர்கள் வருகின்றன. ஒரே மூச்சில் 99 என்பது அந்த அரசனுக்கே அதிகம்தான். நான்காம் வகுப்புக்கு வாரம் ஆறேழு போதும்.

ஆறேழுதானா என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். பாடத்தில் நாற்பது இருக்கிறதே, பயிற்சிக் குறிப்பேட்டில் நாற்பதும் எழுதியிருக்க வேண்டுமே என்று பார்வையிட வருபவர் விரலை வைப்பார். குறிப்பேட்டை நிரப்பியே தீர வேண்டும் என்றால் நிரப்பிக்கொள்ளுங்கள். சோதனையை மட்டும் மாற்றுங்கள். டிக்டேஷன் போட்டு எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை அடிப்பதை விட்டுவிட்டு, அந்த வாரச் சொல் ஒன்றைச் சொல்லி, உன் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை இந்தச் சொல்லை வைத்துச் சொல் என்று கேளுங்கள். தமிழ் வாக்கியத்தின் நடுவே அந்த ஒற்றை ஆங்கிலச் சொல் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மா நேற்று உமியைச் செபரேட் பண்ணினாள் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு முழு மதிப்பெண். முழு ஆங்கில வாக்கியம் அடுத்த பருவத்தில் வரட்டும்.

நான்காம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தேநீருக்குப் பிறகு ஊர்வாரியாக உட்காருவோம். முதல் பாடத்தில் புதுச் சொல் எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். பிறகு எதை விடலாம் என்று அடித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் ஊரில் அந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்பதைச் சொல்ல, உள்ளூர்க்காரர்களான இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கட்டும். அவர்கள் சொல்வதை முதல் பத்தியில் எழுதுங்கள்.